நாள் கேட்ட நாச்சிமுத்து

பவானி ஆற்றங்கரையில் ஒரு சிறிய மடம் இருந்தது. அங்கிருந்த சாமிக்கு நாச்சிமுத்து பதினைந்து வருடமாகச் சீடர். குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது அதிகம். சாயப்பட்டறைத் தொட்டியருகே நின்று உழைத்த உடம்பு.

ஒரு நாள் காலையில் நாச்சிமுத்து வந்து சாமி முன்னால் உட்கார்ந்தார். சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“சாமி, எனக்கு இன்னும் எத்தனை நாள்னு தெரியணுங்க.”

“டாக்டரம்மா என்ன சொன்னாங்க?”

“மூத்திரப் பையில இருந்த புற்றுநோய்க் கட்டியை வழிச்சு எடுத்துட்டாங்க. அதுல ஒரு துணுக்கை மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருக்காங்க. ஒருவித மாற்றம் இருந்தா கட்டி சாதுவாம். திரும்ப வந்தாலும் மேலாக்கத்தான் வருமாம். இன்னொரு விதம் இருந்தா முரடாம். ஆழமா இறங்கிருமாம்.”

“அப்படியேதான் நடக்கும்னாங்களா?”

“பெரும்பாலும்னாங்க. எதைக் கேட்டாலும் அந்தம்மா பெரும்பாலும்னுதான் சொல்லுது.”

சாமி சிரித்தார்.

“நாள் தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?”



“முரடுன்னு வந்தா சென்னியப்பன்கிட்டப் பேசிடுவேனுங்க.”

சென்னியப்பன் அவருடைய தம்பி. இரண்டு தெரு தள்ளி வீடு. பத்தொன்பது வருடத்துக்கு முன் தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயரைப் போடாமல் விட்டவன். அச்சடித்தவர் தவறு என்றான். மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பாக்கள் பெயரெல்லாம் ஒழுங்காக அச்சாகியிருந்தது. அது எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

“அந்தப் பொண்ணைத் தினமும் சைக்கிள்ல பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போனவன் நானுங்க.”

“இப்ப அந்தப் பொண்ணு?”

“தெருவுல பார்த்தா பெரியப்பான்னு கூப்பிடும். நான் நிக்காம சைக்கிளை மிதிச்சுப் போயிருவேன்.”

“தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்தாராமே?”

“வந்தான். தூக்குப்போசியில கஞ்சி கொண்டாந்தான். நான் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன்.”

“கஞ்சி?”

“பக்கத்துக் கட்டில்காரன் குடிச்சான். நல்லாயிருந்துச்சுன்னு வேற சொன்னான்.”

“சரி. சாதுன்னு வந்தா?”

“அப்ப என்னங்க அவசரம்? அவனே வந்து பத்திரிகை விஷயத்தை ஒத்துக்கட்டும்.”

சாமி ஒரு கட்டுக் கீரையை அவர் பக்கம் தள்ளினார். இருவரும் ஆய்ந்தார்கள்.

அடுத்த பத்து நாளும் நாச்சிமுத்துவுக்குச் சரியான தூக்கமில்லை. தம்பியிடம் முதலில் என்ன சொல்வது என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். ‘ஏன்டா’ என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. இரண்டு முறை தம்பியின் தெருமுனை வரை போனார். சோதனை முடிவு வரட்டும் என்று திரும்பிவிட்டார்.

பதினோராம் நாள் மைசூர்பாகுப் பொட்டலத்தோடு மடத்துக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது.

“சாமி, சாதுங்க! மூணு மாசத்துக்கு ஒருக்கா குழாய் விட்டுப் பார்த்துக்கணுமாம், அவ்வளவுதான். நாள் இருக்குது, பயப்படாதீங்கன்னு அந்தம்மா வாயாலயே சொன்னாங்க.”

“பெரும்பாலுமா?”

“பெரும்பாலும்தான்.”

இருவரும் சிரித்தார்கள். சாமி ஒரு வில்லை எடுத்துக்கொண்டார்.

“தம்பி வீட்டுக்குக் கொடுத்தீங்களா?”

“அதான் நாள் இருக்குதுங்களே. பத்தொன்பது வருஷம் பொறுத்தவன், இன்னுங் கொஞ்சம் பொறுக்கறேன். அவன் வரட்டும்.”

சாமி மைசூர்பாகை மென்று முடித்தார். விரல்களைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

“உங்களுக்கு நாள் இருக்குதுன்னு டாக்டரம்மா சோதிச்சுச் சொல்லிட்டாங்க. தம்பிக்கு இருக்குதுன்னு யார் சொன்னாங்க?”