யாரும் இறங்காத தண்ணீர்

"மேடம், நான் கரையில உக்காந்தா மட்டும் நீங்க ஏன் தண்ணிக்குள்ள இறங்க மாட்டேங்கீங்க?"

கோமதிநாயகம் வாத்தியார் கேட்டே விட்டார். பல நாளாக நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு விழுங்கிய கேள்வி.

பேச்சியம்மாள் நிமிரவில்லை. வலையில் சிக்கிய தலைப்பிரட்டை ஒன்றை விரலால் மெல்ல விடுவித்துத் தட்டுத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார்.

பெயர்தான் பேச்சி. அவர் வாயிலிருந்து சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை வந்தால் அன்றைக்கு மழைதான் என்று கூட வேலை செய்யும் ரெபேக்கா சொல்வாள். சொல்லிவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொள்வாள். அந்த ஆற்றங்கரையில் மழை என்பது விளையாட்டுப் பேச்சில்லை.

வாத்தியாருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பேச்சியம்மாள் அவரிடம் பத்தாம் வகுப்பு படித்திருக்கக்கூடிய வயது. ஆனாலும் மலையாற்றுத் தவளையைப் பற்றிக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் பேச்சியம்மாளிடம்தான் போக வேண்டும் என்று கேட்ட இடத்திலெல்லாம் சொன்னார்கள். கோடை விடுமுறையில் பள்ளி ஆசிரியர்களையும் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்ததும் வாத்தியார் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். சங்கரன்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் தவளையைக் கரும்பலகையில் வரைந்தவர். ஓடுகிற தண்ணீரில் பாறையைக் கவ்விக்கொண்டு வாழும் தலைப்பிரட்டையை நேரில் பார்த்ததில்லை.

பார்க்க வந்த இடத்தில் கிடைத்தது வேறு வேலை.

மூக்கன் ஆறு மலையில் எங்கோ பிறந்து பாறைக்குப் பாறை தாவி இறங்குகிறது. கோடையில் முழங்கால் தண்ணீர்தான். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். ஆனால் உச்சியில் பெய்கிற மழை கீழே நிற்பவனுக்குத் தெரியாது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். அங்கே கொட்டித் தீர்த்திருக்கும். கொட்டியது இறங்கி வரும்போது செருப்பை மாட்டக்கூட நேரம் இருக்காது.

அதனால் பேச்சியம்மாளிடம் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் தண்ணீரில் இறங்கினால் இன்னொருவர் கரையில் உட்கார்ந்து மேலே பார்க்க வேண்டும். ஆறு வருகிற திசையை மட்டும் பார்க்க வேண்டும். கையில் போன் கூடாது, புத்தகம் கூடாது, பேச்சும் கூடாது.

ரெபேக்கா உட்கார்ந்தால் பேச்சியம்மாள் இறங்குவார். பேச்சியம்மாள் உட்கார்ந்தால் ரெபேக்கா இறங்குவாள்.

வாத்தியார் உட்கார்ந்தால் இரண்டு பேரும் கரையிலேயே இருந்து வலையைத் தைப்பார்கள்.

யாருமே இறங்காத தண்ணீருக்கு ஒரு காவல்காரர். நினைக்க நினைக்க வாத்தியாருக்கு மானம் போயிற்று.

"என் மேல நம்பிக்கை இல்லையா மேடம்?"

பேச்சியம்மாள் தட்டை மூடினார்.

"செருப்பு வாங்கிட்டீங்களா சார்?"

வாத்தியார் தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டார். முகம் சுண்டிப்போயிற்று.



அது அவர் வந்த புதிதில் நடந்தது.

கரையில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கொத்து இலை மிதந்து வந்தது. காற்றில் விழுந்திருக்கும் என்று நினைத்தார். கொஞ்சம் கழித்துத் தண்ணீர் லேசாக நிறம் மாறினாற்போல் இருந்தது. மேகம் மறைத்திருக்கும் என்று நினைத்தார்.

வகுப்பில் அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. "ஒரு தரம் பாத்தா அது கவனிப்பு. மூணு தரம் பாத்தாத்தான் முடிவு." அதைச் சொல்லாமல் அவர் ஒரு வருஷத்தையும் தொடங்கியதில்லை.

மூன்றாவது தரத்துக்குக் காத்திருந்தார்.

தண்ணீர் ஒரு சாண் ஏறியது. ஏறி, கரையோரம் கழற்றிப் போட்டிருந்த அவருடைய செருப்பை எடுத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வடிந்துவிட்டது.

"ரெண்டு தரம் பாத்துட்டேன் மேடம். இன்னொரு தரம் பாத்து உறுதி பண்ணிட்டுச் சொல்லலாம்னு..."

பேச்சியம்மாள் செருப்பு இருந்த இடத்தைப் பார்த்தார்.

"செருப்புதான?" என்றார்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் வாத்தியார் அன்றைக்கே மறந்திருப்பார். அந்த ஒரு வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து அவருக்குத் தண்ணீர் ஓடும் சத்தமே ஆகவில்லை. கூடாரத்துக் குழாயைத் திறந்தாலும் திடுக்கிட்டார். புதுச் செருப்பு வாங்கக் கீழே இறங்கி ஆற்றைக் கடக்க வேண்டும். கடக்கவில்லை.



இப்போது அவர் மனத்தில் இருந்த இன்னொரு கேள்வியும் வெளியே வந்தது.

"இந்த ஆத்து வெள்ளத்துல யாரும் போயிருக்காங்களா மேடம்?"

"ஒருத்தர்."

"நம்ம ஆளா?"

"என்கூடப் படிச்சவர்."

"கரையில யாரும் இல்லையா?"

"இருந்தாரு."

"தூங்கிட்டாரோ?"

"கண்ணக்கூட இமைக்கல. ரொம்பக் கெட்டிக்காரர் சார். உறுதியாத் தெரியாம ஒரு வார்த்தை பேச மாட்டார்."

"ஆராய்ச்சின்னா அப்படித்தான மேடம் இருக்கணும்" என்றார் வாத்தியார்.

பேச்சியம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.



விடுமுறை பாதி கழிந்தபோது வாத்தியாரின் மனைவி வடிவும் மகள் ஹரிணியும் வந்து இறங்கினார்கள்.

வருஷா வருஷம் லீவுக்குக் குடும்பத்தோடு ஊர் சுற்றுவது அந்த வீட்டு வழக்கம். ஊட்டிக்குப் போனால் பனி எப்படி உண்டாகிறது என்று வாத்தியார் ஆரம்பிப்பார். கன்னியாகுமரிக்குப் போனால் அலை எப்படி உண்டாகிறது என்பார். "ப்பா, நாம டூர் வந்திருக்கோமா, டியூஷன் வந்திருக்கோமா?" என்று ஹரிணி காதைப் பொத்திக்கொள்வாள். இந்த வருஷம் அவர் தனியாகக் காட்டுக்குப் போனதும், "நீங்க இருக்க எடத்துக்கே நாங்க வாரோம்" என்று வடிவு கிளம்பிவிட்டாள்.

ஹரிணி ஆற்றைப் பார்த்தாள்.

"ப்பா! குளிக்கலாமா?"

வாத்தியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. தண்ணி ஐஸா இருக்கும்."

"ஐஸா இருந்தாத்தான குளிக்கணும்?"

"ஏங்க, முழங்கால் தண்ணிக்கு எதுக்கு இப்படி வேர்க்குது ஒங்களுக்கு?" என்றாள் வடிவு.

பேச்சியம்மாள் கூடாது என்று சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையில் வாத்தியார் அவரிடம் ஓடினார்.

"பிள்ள குளிக்கணும்ங்கா மேடம்."

"குளிக்கட்டும். கரையில ஆள் இருந்தாப் போதும்."

"யாரு மேடம் இருப்பா?"

பேச்சியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று வாத்தியார் ஏங்கினார். மகளிடம் போய், அப்பாவுக்குப் பயமாக இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்பார்களே, அப்படி நின்றார்.

அதற்குள் சிரிப்புச் சத்தம் தண்ணீரில் இறங்கிவிட்டது.



பாறைக்கு நடுவே இடுப்பளவு தேங்கிய தண்ணீர். அதில் வடிவு. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஹரிணி.

வாத்தியார் கரைப் பாறையில் உட்கார்ந்து மேலே பார்த்தார்.

பேச்சியம்மாளும் ரெபேக்காவும் பின்னால் வந்து உட்கார்ந்தது காதில் விழுந்தது. அவர்கள் ஆற்றைப் பார்க்கிறார்களா, தன்னைப் பார்க்கிறார்களா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்க முடியாது. திரும்பினால் அந்த நேரத்தில் வந்துவிடும்.

வானம் நீலமாக இருந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது. மேலே வளைவில் இரண்டு பாறைக்கு நடுவே ஆறு வெள்ளையாக வழிந்து வந்துகொண்டிருந்தது. அந்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

இத்தனை நாளும் அவர் வெறும் தண்ணீரைப் பார்த்தார். இன்றைக்கு அதே தண்ணீரில் தன் பிள்ளை நிற்கிறாள். அதே ஆறுதான். ஆனால் அது அவரை உற்றுப் பார்ப்பதுபோல் இருந்தது.

"ப்பா, இங்க பாருங்களேன்!" என்று ஹரிணி கூப்பிட்டாள்.

அவர் பார்க்கவில்லை.

"ப்பா! ஒரு தரம்!"

பார்க்கவில்லை. கண் எரிந்தது. கடவுளே, கடவுளே என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் கடவுள் பேச்சே எடுக்காத மனிதர்.

வளைவிலிருந்து ஓர் இலை வந்தது.

ஒரே இலை. காய்ந்த இலை.

"ஏறுங்க!"

யாரோ கத்துகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். அவர் தொண்டைதான்.

"ஏறுங்க! வடிவு, பிள்ளையத் தூக்கு! மேல ஏறு, மேல ஏறு!"

வடிவு மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். ஹரிணி வழுக்கி விழுந்தாள். முட்டி பாறையில் தேய்ந்தது. வாத்தியார் பாய்ந்து இரண்டு பேரையும் அள்ளிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார். பேச்சியம்மாளும் ரெபேக்காவும் ஒரு கேள்வி கேட்காமல் கூடவே ஏறினார்கள்.

எல்லோரும் மேட்டில் நின்று பார்த்தார்கள்.

ஆறு ஓடியது.

தண்ணீர் ஒரு விரல்கூட ஏறவில்லை. அந்த இலை கீழே ஒரு பாறை இடுக்கில் போய் ஒதுங்கிச் சுற்றிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் நின்றார்கள். வானம் அப்படியே நீலமாக இருந்தது.

"எதப் பாத்துக் கத்துனீங்க?" என்றாள் வடிவு.

வாத்தியார் இலையைக் காட்டினார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ங்கிறது சரியாத்தான் இருக்கு. ஒத்த இலைக்கு இந்தப் பாடா? பிள்ள முட்டியெல்லாம் ரத்தம்."

ஹரிணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அப்பா பயந்தாங்கொள்ளி" என்றாள். ரெபேக்கா இருவரையும் மருந்து போடக் கூடாரத்துக்குக் கூட்டிப் போனாள்.



வாத்தியார் தண்ணீரோரத்துப் பாறைக்கே திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பேச்சியம்மாள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒண்ணும் வரல மேடம்."

"ம்."

"ஒரு இலை. ரெண்டாவது தரம்கூடப் பாக்கல. வாய்தான் மொதல்ல கத்துச்சு. அப்புறந்தான் நானே யோசிச்சேன்."

"ம்."

"எத்தன பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்திருக்கேன். கடைசில இப்படி ஆயிட்டேன்."

பேச்சியம்மாள் இடுக்கில் சுற்றிக்கொண்டிருந்த இலையைப் பார்த்தார்.

"இப்பவும் ஒரு இலை வந்தா இதே மாதிரிக் கத்துவேன் மேடம். எனக்கே தெரியுது. என்னால அடக்க முடியாது." வாத்தியார் ஒரு கல்லைக் காலால் தள்ளிவிட்டார். "இந்த வேலைக்கு நான் லாயக்கில்ல. நாளைக்கு அவங்களோட நானும் ஊருக்குப் போயிருதேன்."

பேச்சியம்மாள் குனிந்தார். தன் செருப்பைக் கழற்றினார்.

இரண்டையும் சேர்த்து வாத்தியாரின் வெறுங்காலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

வலையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

"மேடம்!" வாத்தியார் பதறி எழுந்தார். "ரெபேக்கா வரட்டும் மேடம். கரையில ஆளே இல்ல!"

பேச்சியம்மாள் நடு ஆற்றுக்குப் போய்விட்டார். ஆறு வருகிற திசைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, ஒரு கல்லை மெல்லப் புரட்டினார்.

"மேல பாருங்க சார்" என்றார்.