துலக்கிய தகடு

தீர்ப்புச் சொல்ல ஆள் கிடைக்காத வழக்கு ஒன்று என்னிடம் இருக்கிறது. கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

கடற்கரையிலிருந்து கிளம்பிய ராக்கெட் ஒன்று, கொஞ்ச தூரம் ஏறியதுமே தீப்பிடித்துக் கடலில் விழுந்தது. வெல்டிங் விட்டுப்போனதுதான் காரணம் என்று விசாரணையில் பேச்சு. அப்படி முடிவானால் வெல்டர் மாசானத்துக்கு வேலை போய்விடும். பொறியாளர் தாட்சாயணிக்கோ, மேலே இருந்த குழாயில்தான் தீ தொடங்கியது என்று உறுதி. "உங்க மேல பழி விழ விடமாட்டேண்ணே" என்று மாசானத்துக்கு வாக்கும் கொடுத்துவிட்டாள். தீ எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதை, வெல்டிங் இருந்த தகட்டில் படிந்த கரிதான் சொல்லும். அந்தத் தகடோ கடலில் கிடந்தது.

எந்தத் துண்டு கிடைத்தாலும் படம் பிடித்து அனுப்பும்படி, கரையோர ஊர்களில் தன் போன் எண்ணைக் கொடுத்து வைத்திருந்தாள். ஒருநாள் காலை மீனவர் சேசுராயன் கடலிலிருந்தே படம் அனுப்பினார். பெரிய மீன் பட்டால் நெஞ்சோடு அணைத்துப் படமெடுத்துக்கொள்வது அந்தக் கரைக்காரர்களின் வழக்கம். வலையில் சிக்கிய அந்தத் தகட்டையும் அப்படியே அணைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றார் மனிதர். பார்க்கவேண்டிய இடத்தையெல்லாம் அவர் கை மறைத்திருந்தது. ஓரத்தில் மட்டும் கரி தெரிந்தது. தாட்சாயணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உடனே அவரை அழைத்து, "ரொம்ப நன்றிண்ணே, இதோ கிளம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு வண்டியேறினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது தகடு சேசுராயன் வீட்டு வாசலில் பளபளத்தது.

"கரி அப்பிக் கெடந்துச்சும்மா. அடுத்தவுக பொருள அப்படியேவா குடுக்கது? புளியும் மணலும் போட்டுத் தேச்சுட்டேன்" என்றார் சேசுராயனின் மனைவி ரோசலி. தேய்த்துத் தேய்த்து அவர் விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. தாட்சாயணியால் கோபப்படக்கூட முடியவில்லை. கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாசானத்துக்கு வேலை போயிற்று.

கையால் மறைத்தவர் சேசுராயன். தேய்த்தவர் ரோசலி. வாக்குக் கொடுத்தவள் தாட்சாயணி. மாசானத்தின் பிழைப்பைக் கெடுத்தது இவர்களில் யார்?

விடை: ரோசலிக்குக் கரி என்றால் அழுக்கு. சேசுராயனுக்குத் தகடு கிடைத்ததே பெரிது. கரிதான் சாட்சி என்று தெரிந்தவள் தாட்சாயணி ஒருத்தியே. படத்தில் அதைப் பார்த்தாள், போனில் பேசவும் செய்தாள்; 'துடைச்சிராதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை அவளே மாசானத்திடம் போய்ச் சொன்னாள். அவர் திட்டவில்லை. "அவ்வளவு தேச்சும், மிச்சமிருந்த வெல்டிங் விடலேல்லம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"விடலண்ணே" என்றாள்.