மடைக்குத் தெற்கே பூஜ்யம்

"டீச்சர், என் கண்ணை நம்பவா, இந்தப் பொட்டியை நம்பவா?"

கேட்டவர் துரைக்கண்ணு. வடக்குத் தாலுகா சர்வேயர். வயது ஐம்பத்தெட்டு. மடிக்கணினியைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி வந்திருந்தார்.

டீச்சர் என்பது ஜெசிந்தா. வயது இருபத்தொன்பது. உரக்கடை மாடியில் வரைபட மென்பொருள் சொல்லிக்கொடுக்கிறவர். அப்போது வறுத்த பட்டாணி தின்றுகொண்டிருந்தார்.

"கண்ணு என்ன சொல்லுது சார்?"

"ஓடைக்குடி மூழ்கும்னு சொல்லுது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால இதே மடையைத் திறந்தப்போ, நான் அங்க இடுப்பளவு தண்ணியில நின்னிருக்கேன்."

"பொட்டி?"

"ஒரு வீட்டுக்கும் தண்ணி வராதுங்குது. பூஜ்யம்."

"பூஜ்யம் சரிதான்."

"அப்ப ஓடைக்குடி நனையாதா?"

"நல்லா நனையும்."

"அப்ப பூஜ்யம் தப்பு."

"பூஜ்யம் சரி."

துரைக்கண்ணு உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். செங்கால் ஏரி விளிம்பு வரை நிரம்பிவிட்டது. நாளைக் காலை பத்து மணிக்கு மடையைத் திறக்கப்போகிறார்கள்; மடைக்குத் தெற்கேதான் ஓடைக்குடி. எந்தெந்த வீட்டு ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்த் தங்கவைக்க வேண்டும் என்ற பட்டியல் இன்று மாலை ஐந்து மணிக்குள் வேண்டும். பட்டியலில் இல்லாத வீட்டுக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள்.

பட்டியல் போடுவது துரைக்கண்ணுவின் வேலை. மென்பொருள் பூஜ்யம் என்றதும் தாசில்தாருக்குச் சந்தோஷம். "நல்லதாப் போச்சு, கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார்.

துரைக்கண்ணு பேனாவைத் திறந்தார். மூடினார். பஸ் ஏறிவிட்டார்.

இப்போது மணி இரண்டு.

"படத்தைப் பாத்தீங்களா?" என்றார் டீச்சர்.

"பாத்தேன். ஏரி முழுக்க நீலம். மடை வரைக்கும் வருது, அங்க கத்தி வச்சு வெட்டின மாதிரி நிக்குது. பரவாயில்லையே, கரை நல்ல கெட்டியா இருக்குன்னு நெனச்சேன்."

"மென்பொருளை எப்படித் திறந்தீங்க?"

"அந்தச் சின்னப் படத்து மேல ரெண்டு தட்டு. திறந்துக்கும்."

"ஒண்ணும் கேக்காதா?"

"ஒண்ணும் கேக்காது. அதுதானே வசதி."

டீச்சர் எழுந்து வந்தார். மடிக்கணினிக்குச் சார்ஜரைச் சொருகி, விரல் தேய்க்கும் இடத்தின் மேல் ஒரு அட்டைத் துண்டை வைத்து, டேப் போட்டு ஒட்டினார்.

துரைக்கண்ணுவுக்கு ஒன்றும் புரியவில்லை. தகராறு பண்ண நேரமும் இல்லை.

டீச்சர் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். கறுப்பு ஸ்க்ரீன் வந்தது. அதில் படம் இல்லை, பொத்தான் இல்லை. மூலையில் ஒரு கோடு மட்டும் மின்னி மின்னி மறைந்தது.

"இது என்ன பண்ணுது?"

"காத்திருக்கு."

"எதுக்கு?"

"எங்க போகணும்னு நீங்க சொல்றதுக்கு."

"எங்க போகணும்?"

"என்னைக் கேட்டா?"

ஊரில் எத்தனையோ பேர் இந்த மென்பொருள் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்டால் பதில் சொல்கிறார்கள். துரைக்கண்ணு போய் விழுந்தது இவரிடம்.

ஆனாலும் டீச்சர் இரக்கப்பட்டு ஒரு வரி சொன்னார். "மென்பொருள் பேரை அடிங்க. அப்புறம் எந்த போல்டர், அதுல எந்த ஊர், அந்த ஊர்ல யாரோட அறை, அதாவது யாரோட வேலை இருக்கிற இடம். அவ்வளவுதான்."

துரைக்கண்ணு ஒற்றை விரலால் அடித்தார். பேர். போல்டர். ஊர். என்டர் தட்டினார்.

அப்படி ஒரு இடமே இல்லை என்றது திரை.

"இருக்கே! காலையிலகூட அங்கதானே இருந்தேன்."

"யாரோட அறைன்னு சொல்லலியே."

"என் அறைதான். அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

தன் பேரையும் சேர்த்து மறுபடி அடித்தார். இந்தத் தடவை திரை வேறு மாதிரி பேசியது. இந்த அறையில் ஏற்கெனவே ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கிறார், இன்னொருவரை உள்ளே விட முடியாது என்றது. உள்ளே இருப்பவர் பேரையும் போட்டிருந்தது.

உள்ளே இருப்பவர் பேர் துரைக்கண்ணு.

அவர் இரண்டு முறை படித்தார். டீச்சரைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார்.

"நான் இங்க உக்காந்திருக்கேன்."

"ஆமா."

"அப்ப உள்ள யாரு?"

டீச்சர் ஒரு பட்டாணியை வாயில் போட்டுக் கடித்தார். "கடைசியா எப்ப வெளிய வந்தீங்க?"

"வரும்போது பஸ்ல தொறந்து பாத்தேன். பாதி வழியில பாட்டரி செத்துப்போச்சு. மூடிட்டேன்."

"வீட்டை விட்டுக் கிளம்பும்போது என்ன சொல்வீங்க?"

"போயிட்டு வரேன்னு சொல்வேன்."

"இதுகிட்ட சொன்னீங்களா?"

"பொட்டிகிட்டயா?"

"சொல்லாம வந்துட்டீங்க. அது நீங்க இன்னும் உள்ளதான் இருக்கீங்கன்னு நெனச்சிட்டு இருக்கு."

துரைக்கண்ணுவின் அறை போல்டருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன பைல் இருந்தது. உள்ளே ஆள் இருக்கிறார் என்பதற்கு அடையாளம். அதை அழிக்கும் கட்டளையை டீச்சர் சொன்னார், துரைக்கண்ணு அடித்தார். என்டர் தட்டும்போது விரல் ஒரு நொடி தயங்கியது.

"என்னையே அழிக்கிற மாதிரி இருக்கு டீச்சர்."

"பழைய ஆளைத்தானே சார்."

மறுபடி பேர், போல்டர், ஊர், அறை. கதவு திறந்தது.

திறந்ததே தவிர எதுவும் வரவில்லை. அதே கறுப்பு. அதே கோடு. அதே மின்னல்.

"படம் எங்க?"

"படம் வேணாம். எங்க நிக்கிறோம்னு கேளுங்க."

"எங்க நிக்கிறோம்னா? உரக்கடை மாடியில."

"அதுகிட்ட கேளுங்க."

மென்பொருள் எந்த எல்லைக்குள் கணக்குப் போடுகிறது என்று கேட்கும் கட்டளையை டீச்சர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். துரைக்கண்ணு அடித்தார். நாலைந்து வரி எண்கள் வந்தன.

"என்ன டீச்சர் இது?"

"படிங்க."

"நம்பரு."

"சத்தமாப் படிங்க."

துரைக்கண்ணுவுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான்.

"மணி மூணே கால் ஆச்சு. அங்க ஜனங்க இருக்காங்க டீச்சர். போன தடவை ஒரு கைக்குழந்தையைத் தொட்டிலோட தலைமேல வச்சுத் தூக்கிட்டு வந்தேன். அந்தத் தண்ணியோட சில்லிப்பு இன்னும் என் காலை விட்டுப் போகல. நீங்க என்னடான்னா அட்டை ஒட்டுறீங்க, பட்டாணி திங்குறீங்க, நம்பரைப் படிங்கிறீங்க."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

டீச்சர் பட்டாணிப் பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்தார்.

"சத்தமாப் படிங்க சார்."

துரைக்கண்ணு மூக்கை உறிஞ்சிக்கொண்டு படித்தார். "வடக்கு. பன்னிரண்டு லட்சத்து எட்டாயிரத்து நூறு."

"ம்."

"தெற்கு. பன்னிரண்டு லட்சத்து நாலாயிரத்து அறுநூற்று எண்பது."

கிழக்கைப் படிக்க வாயெடுத்தவர் படிக்கவில்லை. மறுபடி தெற்குக்கே போனார்.

அந்த எண் அவருக்குத் தெரியும். சர்வேயருக்கு எல்லைக்கல்லின் எண் பெற்ற பிள்ளையின் பிறந்த நாள் மாதிரி. அது மடைக்குப் பக்கத்தில் இருக்கும் கல். அவரே நட்ட கல்.

"இது மடைக்கல்."

துரைக்கண்ணு தெற்கு எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"போன மாசம் ஏரியில எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்குன்னு அளந்தேன். ஏரி மட்டும் போதும்னு எல்லையை ஏரிக்கே வச்சேன். ஒரு அடி வெளிய போகாம வச்சேன்."

"அப்புறம் யாரு மாத்தினா?"

"யாரும் மாத்தல."

"ஏரிக்குள்ள எத்தனை வீடு சார்?"

"ஏரிக்குள்ள ஏது டீச்சர் வீ..."

கை விசைப்பலகைக்குப் போனது.

அதன் பிறகு டீச்சருக்கு வேலை இல்லை. புது எல்லைக்கான கட்டளையில் நான்கு திசைக்கும் நான்கு எண்களைத் துரைக்கண்ணு தாளைப் பார்க்காமலே அடித்தார். மென்பொருளிடம் தண்ணீரை மறுபடி ஓடவிடச் சொன்னார். கோடு மின்னியது.

அறுபத்து நாலு வீடு.

"அறுபத்து நாலு டீச்சர்! அறுபத்து நாலு!"

ஒரு ஊர் மூழ்கப்போகிறது என்பதற்கு ஒரு மனுஷன் இவ்வளவு சந்தோஷப்பட்டு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் வீட்டு எண்களை ஒவ்வொன்றாகப் பட்டியலில் ஏற்றினார். தாசில்தாருக்கு அனுப்பினார். மணி நாலு.

"வரேன் டீச்சர்" என்று எழுந்தார். பிறகு நினைவு வந்து உட்கார்ந்து, மென்பொருளிடமும் சொல்லிக்கொள்ளக் கட்டளை அடிக்கப் போனார்.

"இருங்க. இப்ப படத்தைப் பாப்போம்."

டீச்சர் அட்டையைப் பிரித்தார். படம் வந்தது. நீலம் மடையைத் தாண்டி, ஓடைக்குடியை மூடி, தெற்கே வயல்களில் பரவி இறங்கியிருந்தது. துரைக்கண்ணுவின் கால் அறிந்த அதே தண்ணீர்.

டீச்சர் படத்தின் கீழ்ப்பக்கம் விரலை வைத்தார்.

"இந்தக் கரையை யாரு கட்டினது சார்?"

"எந்தக் கரை?"

"தண்ணி நிக்குதே, நேரா."

"அங்க கரை ஏது டீச்சர்? அது வெறும் வயல். நடுவுல தாலுகா எல்லைக் கல்லு ஒண்ணு இருக்கு. பதினொரு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்து முந்நூற்று நாற்பது. அதுக்கு அந்தாண்டை நம்ம..."

நிறுத்தினார்.

சர்வேயர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தாலுகா கல்லைத் தாண்டி அளவுச் சங்கிலி போட மாட்டார்கள். அந்தப் பக்கம் அடுத்த ஆளின் பூமி. துரைக்கண்ணு முப்பது வருஷத்தில் ஒரு நாளும் தாண்டியதில்லை. எல்லையை அடிக்கும்போதும் அவர் விரல் யாரையும் கேட்காமல் அங்கேயே நின்றிருக்கிறது.

"அந்தாண்டை என்ன சார்?"

"கீழ்நத்தம்."

அந்தப் பக்கத்துக் கற்களில் எதன் எண்ணும் அவருக்குத் தெரியாது. தெற்கு எல்லையிலிருந்து தோராயமாக மூன்றாயிரம் மீட்டரைக் கழித்து அடித்தார். கோடு மின்னியது.

தொண்ணூற்றைந்து.

கூடுதலாக முப்பத்தொரு வீடு. தாசில்தாருக்கு அந்த முப்பத்தொன்று வேண்டாம். அது அவர் தாலுகா இல்லை.

துரைக்கண்ணு போனை எடுத்தார். தெற்குத் தாலுகாவில் சர்வேயர் முபாரக். வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம்தான் ஆகிறது. கணினியில் கெட்டிக்காரர் என்று பேர்.

"சொல்லுங்கண்ணே."

"தம்பி, நாளைக்குப் பத்து மணிக்கு எங்க மடையைத் திறக்குறாங்க. கீழ்நத்தத்துக்குத் தண்ணி வருது. முப்பத்தொரு வீடு."

"வராதுண்ணே. நான் காலையிலயே மென்பொருள்ல போட்டுப் பாத்துட்டேன். பூஜ்யம். கையெழுத்தும் போட்டாச்சு."

துரைக்கண்ணு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பட்டாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பூஜ்யம் சரிதான் தம்பி."

"என்னண்ணே குழப்புறீங்க? தண்ணி வருதுங்குறீங்க, பூஜ்யம் சரிங்குறீங்க."

"அது கிடக்கட்டும். உங்க வடக்கு எல்லை என்னன்னு கேட்டுச் சொல்லுங்க."

"எதுக்குண்ணே?"

"சத்தமாப் படிங்க."

அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு முபாரக் படிக்கத் தொடங்கினார்.

"பதினொரு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்து..."

பாதியில் நின்றுவிட்டது குரல்.

துரைக்கண்ணு காத்திருந்தார்.