பவளத்தை வெயிலிலிருந்து காப்பாற்றிய நால்வர்

“‘சாக்கு காயக் கூடாதுன்னு டாக்டர்தான் சொன்னாரு. சாக்கு இப்ப கிணத்துக்குள்ள கெடக்கு. ஒரு நூல்கூடக் காயல. இதுல எங்க மேல என்ன தப்பு?’ அப்படின்னு கேக்குறாங்க டாக்டர். அவங்க சொன்னதை அப்படியே சொல்றேன். நான் ஒரு எழுத்துக் கூட்டல, ஒரு எழுத்துக் குறைக்கல.”

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பூரணம் இதைச் சொன்னபோது, அவளுடைய இரண்டு கைகளும் பவளத்தின் கயிற்றைப் பிடித்திருந்தன. பவளம் நிறைமாதச் சினைப் பசு. கயிற்றின் மறுமுனை பூரணத்தின் வீட்டுக்காரர் குருவையாவின் கையில் இருந்தது. அவருக்குப் பின்னால் தம்பிகள் மூன்று பேர். நான்கு பேரும் கிணற்றுப் பக்கம் இழுத்தார்கள். பூரணம் வீட்டுப் பக்கம் இழுத்தாள். பவளம் யார் பக்கமும் சேராமல் அசைபோட்டது.

“சாக்கை நனைச்சு மாட்டு முதுகுல போடச் சொன்னேன்மா!” என்று போனுக்குள் கத்தினார் டாக்டர் ஆசீர்வாதம்.

“அதேதான் டாக்டர். சாக்கு மாட்டு மேல இருக்கணும், சாக்கு காயவும் கூடாது. அப்ப சாக்கு இருக்கிற இடத்துக்கு மாடுதான் போகணுமாம். பவளத்தைக் கிணத்துல இறக்கப் போறாங்க.”

“கிணத்துலயா?” என்றார் டாக்டர். படித்த மனிதர், பாவம், இதற்கெல்லாம் பழக்கமில்லாதவர்.

டாக்டர் ஆசீர்வாதம் சுற்றுவட்டாரத்துப் பதினோரு ஊருக்கும் ஒரே மாட்டு டாக்டர். பெயர்தான் மாட்டு டாக்டர், ஆடு, கோழி, நாய், பேசாமல் போன கிளி என்று எல்லாமே அவரிடம்தான் வரும். கத்திரி வெயில் தொடங்குவதற்கு முந்தின வாரம் ஊரில் முகாம் போட்டு, கோடையில் கால்நடைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அச்சடித்த தாள் ஒன்றை ஆளுக்கொன்று கொடுத்தார். மற்றவர்கள் அதில் வடை மடித்துத் தின்றார்கள். குருவையாவும் தம்பிகளும் மட்டும் அதை டவுனுக்குக் கொண்டுபோய்ப் பிளாஸ்டிக் உறை போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். வினை அன்றைக்குத்தான் ஆரம்பம்.

நான்கு பேரும் கெட்டவர்கள் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். அதுதான் கஷ்டம்.

பவளம் பூரணத்தோடு வந்த மாடு. கல்யாணமான வருஷம் அவள் அப்பா ஒரு கிடாரிக் கன்றாக ஓட்டிவிட்டார். இரண்டு தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பவளத்தை ‘மலட்டு மாடு’ என்பார்கள். சொல்லிவிட்டு பூரணத்தின் வயிற்றை ஒரு பார்வை பார்ப்பார்கள். ஏழு வருஷமாகப் பார்க்கிறார்கள். மூன்றாவது ஊசியில் சினை பிடித்தபோது அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, குடத்தைக் கொஞ்சம் நிமிர்ந்து தூக்கினாள், அவ்வளவுதான். இந்தக் கன்று உயிரோடு தரையில் நிற்க வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

தாளின் முதல் வரி, ‘பகல் பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை மாட்டை மரநிழலிலேயே வைத்திருக்கவும்’ என்று சொன்னது. தோட்டத்தில் இருந்ததே ஒரே ஒரு வேம்பு. அதன் நிழலில் சரியாகப் பதினொரு மணிக்குப் பவளத்தைக் கட்டினார்கள். பன்னிரண்டரைக்கு பவளம் வெயிலில் நின்றது. நால்வரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

“மாடு நகரல. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்” என்றான் இரண்டாமவன் பொன்னுத்துரை.

“அப்ப நகந்தது நிழல்தான்” என்றான் மூன்றாமவன் சிங்காரம்.

“தப்பு பண்ணினது நிழலு. தண்டனை மாட்டுக்கா?”

“நிழல் யார் சொன்னாக் கேக்கும்?”

“மரம் சொன்னாக் கேக்கும். அதோட நிழல்தானே.”

“மரம் யார் சொன்னாக் கேக்கும்?”

எல்லோரும் யோசித்தார்கள். கடைக்குட்டி வேலாண்டி எழுந்துபோய் அரிவாளை எடுத்து வந்தான்.

பெரிய கிளை ஒன்றை வெட்டி, நான்கு பேரும் தோளில் தூக்கிக்கொண்டு பவளத்துக்கு மேலே பிடித்தார்கள். மாடு போன இடமெல்லாம் நிழலும் போயிற்று. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. மறுநாள் இலை வாடியது, அடுத்த கிளையை வெட்டினார்கள். பத்தாவது நாள் வேம்பு இருந்த இடத்தில் ஒரு கம்பம் நின்றது. மின்சார வாரியத்து ஆள் வந்து, இது எங்கள் கணக்கில் இல்லையே என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆடுகளுக்கு ‘தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் காட்டவும்’ என்று போட்டிருந்தது. தாகம் எப்போது எடுக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே எப்போதும் காட்டினார்கள். மேயும்போது காட்டினார்கள், படுத்தால் எழுப்பிக் காட்டினார்கள். மூன்றாம் நாள், வாளியின் கைப்பிடி கிணுகிணுத்தாலே ஆடுகள் வேலியைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடின. அங்கேதான் அவை நிம்மதியாகத் தாகத்தோடு இருந்தன.

நாயைப் பற்றி, ‘நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்குவதன் மூலம் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும், பயப்பட வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. இதைப் படித்ததும் குருவையா மின்விசிறியை அணைத்துவிட்டார். இத்தனை வருஷம் கரண்டுக்குக் காசைக் கரியாக்கினோமே என்று அவருக்கு வருத்தம். அன்று மத்தியானம் வேலாண்டியைப் பார்க்கப் பெண் வீட்டார் வந்தார்கள். வாசலில் நான்கு ஆண்பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, நாக்கைத் தொங்கப்போட்டு, “ஹஹ் ஹஹ்” என்று இரைத்துக்கொண்டிருந்தார்கள். “வாங்க” என்று சொல்லவும் நாக்கு உள்ளே வரவில்லை. பெண்ணின் சித்தப்பா, “நாலு பேர்ல மாப்பிள்ளை யாரு?” என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமலே திரும்பிவிட்டார். எங்கேயோ ஒரு பெண் நன்றாக இருக்கட்டும் என்று பூரணம் மனதார வாழ்த்தினாள்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். கிணற்றைத்தான் பொறுக்க முடியவில்லை.

“போனை ஸ்பீக்கர்ல போடுங்கம்மா” என்றார் டாக்டர். பூரணம் போட்டாள். “குருவையா, காது கேக்குதா? நான் சொல்ற வரைக்கும் நீங்க நாலு பேரும் எதுவும் செய்யக் கூடாது. எதுவுமே! புரியுதா?”

“உத்தரவு டாக்டரய்யா” என்றார் குருவையா.

நால்வரும் கயிற்றை விட்டார்கள். அதோடு எல்லாவற்றையும் விட்டார்கள். பொன்னுத்துரை பாதி சவரத்தோடு வந்திருந்தான், பாதி சவரத்தோடு அப்படியே உட்கார்ந்தான். சோறு போட்டு வைத்தாள், கை நீளவில்லை. சிங்காரத்தின் மூக்கில் ஈ உட்கார்ந்தது. அதை விரட்டுவதும் ஒரு செயல்தானே என்று அவன் விட்டுவிட்டான். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக பூரணம் ஒரு மத்தியானம் நிம்மதியாக வேலை பார்த்தாள். மரம் போய்விட்டதால், பருத்தி போட்டு வைக்கும் அறையைக் காலி பண்ணி, தரையில் தண்ணீர் தெளித்து, வைக்கோல் பரப்பி, பவளத்தை உள்ளே கொண்டுபோய்க் கட்டினாள். தடித்த சுவர், ஒற்றைக் கதவு, குளுமையான அறை. டாக்டர் இரண்டு நாள் கழித்து வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

பவளம் இரண்டு நாள் காத்திருக்கவில்லை. மூன்று மணிக்குப் படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. நான்கு மணிக்கு ஒரு குளம்பு வெளியே தெரிந்தது. ஒன்றுதான், இரண்டு இல்லை. பூரணம் மறுபடியும் டாக்டருக்குப் போன் போட்டாள்.

டாக்டர் பைக்கைப் பறக்க விட்டுக்கொண்டு அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். சட்டையைக் கழற்றிப் போட்டு, கைக்குச் சோப்பும் எண்ணெயும் தடவி, தோள் வரைக்கும் உள்ளே விட்டுப் பார்த்தார்.

“ஒரு கால் மடங்கி உள்ள மாட்டிக்கிச்சு. திருப்பணும்.”

“பொழச்சிருமா டாக்டர்?”

“பாக்கலாம்” என்றார். டாக்டர்கள் ‘பாக்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று பூரணத்துக்குத் தெரியும். அவளையும் பல டாக்டர்கள் அப்படிப் பார்த்திருக்கிறார்கள்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. டாக்டர் வந்துவிட்டார், தடை நீங்கியது என்று முடிவு செய்து நால்வரும் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

“டாக்டரய்யா, வால் பக்கம் ஏன் பாக்குறீங்க? தீனி போனது வாய் வழியா” என்றான் சிங்காரம்.

“ஒரு கால்தான் வருதுன்னா கன்னுக்குட்டிக்கு வர இஷ்டமில்லையோ என்னவோ, கேட்டீங்களா?” என்றான் பொன்னுத்துரை.

“மதினி, நான் தலைப் பக்கம் நின்னு மாட்டைத் தள்ளவா?” என்றான் வேலாண்டி.

பவளம் மிரண்டு எழப் பார்த்தது. டாக்டரின் கை உள்ளே நசுங்கியது. அந்த வலியில் அவர் பொறுமை போய்விட்டது.

“வெளிய போங்கய்யா எல்லாரும்! கதவைச் சாத்திக் கொண்டியைப் போடுங்க! நாங்க ரெண்டு பேரும் வெளிய வந்த பெறகுதான் அந்தக் கதவு தொறக்கணும், அதுவரைக்கும் தொறக்கவே கூடாது! உள்ள இருந்து யாரு என்ன கத்தினாலும் வெளிய ஒரு சத்தம் வரக் கூடாது!”

“டாக்டர், அப்படிச் சொல்லாதீங்க...” என்று பூரணம் ஆரம்பித்தாள். பவளம் போட்ட கத்தலில் அது அமுங்கிப்போனது. வெளியே இரும்புக் கொண்டி ‘டணக்’கென்று விழுந்தது.

பிறகு ஒரு மணி நேரம் அவள் எதையும் நினைக்கவில்லை. வாலைப் பிடித்துக்கொண்டாள், கயிற்றை இழுத்தாள், பவளத்தின் காதருகில் குனிந்து, “இன்னும் கொஞ்சம் முக்கும்மா, என் தங்கமே” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். டாக்டரின் நெற்றி வியர்வை கன்றுக்கு முன்னால் தரையில் விழுந்தது. மடங்கிய கால் நீண்டது. இரண்டு குளம்பு, அப்புறம் மூக்கு, அப்புறம் மொத்தமாகச் சரிந்து வைக்கோலில் விழுந்தது கன்று.

அசைவில்லை.

டாக்டர் மூக்கையும் வாயையும் வழித்துவிட்டார். பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்கினார். பூரணம் ஒரு வைக்கோலை எடுத்து அதன் மூக்குத் துளையில் விட்டுக் குடைந்தாள். ஒரு தடவை. இரண்டு தடவை. கன்று தும்மியது. அவள் முகமெல்லாம் தெறித்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

“கிடாரிம்மா, பொட்டைக் கன்னு” என்றார் டாக்டர். “நெத்தியில வெள்ளை.”

அரை மணி நேரத்தில் அது நான்கு கால்களையும் நான்கு திசையில் போட்டு எழுந்து நின்றது. விழுந்தது. மறுபடி நின்றது. பவளம் அதை நக்கியது. பூரணம் அழுதுகொண்டே சிரித்தாள். நாளைக் காலை முதல் வேலையாகக் குழாயடிக்குப் போக வேண்டும், குடம் இல்லாவிட்டாலும்.

“பவளத்துக்கு வெல்லம் போட்டு வெதுவெதுன்னு தண்ணி குடுங்க” என்றார் டாக்டர். வாளி காலி. அவர் போய்க் கதவைத் தட்டினார். “முடிஞ்சுது குருவையா. தொறங்க.”

கொண்டி அசையவில்லை.

“கன்னு போட்டாச்சுப்பா! தொறங்க!”

பூரணம் கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். நான்கு பேரும் வரிசையாக, வாயில் விரலை வைத்து நின்றார்கள். கன்று கத்தியது. குருவையாவின் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கண்ணீர் வழிந்தது. சந்தோஷம் தாங்காமல் பொன்னுத்துரையைக் கட்டிக்கொண்டார். பிறகு மறுபடியும் விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

டாக்டரின் போன் பைக்கில் இருந்தது. பூரணத்தின் போனில் கடைசி மூச்சு சார்ஜ் இருந்தது. அதில் அவர் வேலாண்டியைக் கூப்பிட்டார். வெளியே மணி அடித்தது. வேலாண்டி அவசரமாகப் போனை எடுத்துக் காதில் வைத்தான். டாக்டர் சொன்னதையெல்லாம் மரியாதையாகக் கேட்டான், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினான். பூரணத்தின் போன் அணைந்தது.

“நான்தான் தொறக்க வேண்டாம்னு சொன்னேன். இப்ப நானே தொறக்கச் சொல்றேன்!” என்று கதவைக் குத்தினார் டாக்டர்.

வெளியே கையாலேயே பெரிய விவாதம் நடந்தது. சிங்காரம் அறையைக் காட்டினான், வாசலைக் காட்டினான், இரண்டு விரலை ஆட்டினான். மற்றவர்கள் ஆமோதித்தார்கள். அவன் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பென்சிலால் ஏதோ எழுதி, கதவின் அடியில் நுழைத்தான். டாக்டர் எடுத்துப் படித்தார்:

‘தாங்கள் இருவரும் இன்னும் வெளியில் வரவில்லை.’

டாக்டர் ஆசீர்வாதம் போய் வைக்கோலில், கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பூரணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் வாழ்நாளில் இல்லாத பொறுமையோடு இடுக்கில் வாயை வைத்தாள்.

“இங்க பாருங்க. நாங்க வெளிய வரணும்னா முதல்ல கதவு தொறந்திருக்கணும். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். பச்சைப் புள்ளைக்காரி தண்ணிக்குத் தவிக்குறா. அந்தக் கொண்டியை மட்டும், சத்தம் வராம, கொஞ்சம் மேல தூக்குங்க. கதவை நீங்க தொறக்க வேண்டாம், நாங்களே உள்ள இருந்து தள்ளிக்கிறோம்.”