தட்டில் தூங்கிய ஈக்கள்

வயசைப் பார்த்தால் இந்தக் கதையில் சீடர்தான் பெரியவர். ஞானதுரைக்கு ஐம்பது தாண்டியாயிற்று. அவருக்குக் குருவாக வாய்த்த பேராசிரியர் தில்லைநாயகிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சென்னையில் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதி எழுதிச் சலித்துப்போன மனுஷன், பாளையங்கோட்டையில் தில்லைநாயகி நடத்தும் பழ ஈ ஆய்வுக்கூடத்துக்கு வந்து, எனக்கு உயிரியல் கற்றுக்கொடுங்கள், நான் மென்பொருள் எழுதித் தருகிறேன் என்று ஒட்டிக்கொண்டார்.

வேலை சின்னதுதான். ஈக்களைக் குளிரில் மயக்கி, வெள்ளைத் தட்டில் கொட்டி, நுண்ணோக்கியில் பார்த்து, எத்தனைக்குச் சிவப்புக் கண், எத்தனைக்கு வெள்ளைக் கண் என்று எண்ண வேண்டும். ஆராய்ச்சி மாணவர்களில் ஒருத்தர் பார்த்துச் சொல்ல, இன்னொருத்தர் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு மென்பொருள் வேண்டும்.

துரை விடுவாரா? விண்டோஸா லினக்ஸா, பைதானா ஜாவாவா, சொந்தக் கணினியிலா இணையத்திலா என்று அலச ஆரம்பித்தார். அலசினார், அலசினார், மழைக்காலம் போய் வெயில்காலம் வந்துவிட்டது. எதைத் தொட்டாலும் இன்னொன்று மேலாகத் தெரிந்தது. டீ குடிக்கிறவர்களைப் பிடித்துவைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொல்வார். பிள்ளைகள் அவரைக் கண்டாலே டம்ளரோடு நழுவினார்கள்.

கடைசியில் தில்லைநாயகி சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமைக்குள் ஆகவில்லையென்றால் வெளியே விற்கிற மென்பொருளை வாங்கிவிடலாம். வாங்கிவிட்டால் துரைக்கு அங்கே என்ன வேலை? மறுபடி சென்னை, மறுபடி வங்கி.  அந்தக் கூடத்தின் புளித்த வாழைப்பழ வாடைகூட அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஈக்களைத் தள்ளி ஒதுக்க ஆளுக்கொரு பிரஷ், கைப்பிடியில் பேர் ஒட்டியிருக்கும். அடுத்தவர் பிரஷை யாரும் தொட மாட்டார்கள். மேசையோரக் குவளையில் எல்லார் பிரஷும் இருந்தது, துரை பேரில் மட்டும் ஒன்றும் இல்லை. போகும்போதும் வரும்போதும் அவர் அந்தக் குவளையைப் பார்ப்பார்.

புதன்கிழமை காலையில் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டார்.

"எதைத் தேர்ந்தெடுக்கறது மேடம்? நீங்களே சொல்லிடுங்க."

 தில்லைநாயகி தன் பேர் ஒட்டிய பிரஷை எடுத்து அவர் கையில் கொடுத்தார். நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்து, மயங்கிக் கிடந்த ஈக்களைத் தட்டில் கொட்டினார். பக்கத்தில் துரையின் மடிக்கணினியைத் திறந்துவைத்தார்.

"எண்ணுங்க சார். எண்ண எண்ண இதுல பதிங்க."

முதல் ஈ சிவப்பு. துரை கண்ணை எடுத்து, பிரஷைக் காதில் செருகிக்கொண்டு, எழுத்தைத் தேடித் தட்டினார். திரும்பிக் குனிந்தால், எண்ணின ஈ எது, எண்ணாத ஈ எது? மறுபடி முதலிலிருந்து. கணினி கடவுச்சொல் கேட்டது. கொடுத்தார். அதற்குள் ஒரு ஈ காலை உதறியது. இன்னொன்று எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டது. பிறகென்ன, தட்டு மொத்தமும் கிளம்பிவிட்டது. ஒன்று அவர் மூக்குக் கண்ணாடியில், ஒன்று மேடத்தின் கொண்டையில், மீதியெல்லாம் ஜன்னல் பக்கம்.

தில்லைநாயகி சிரித்த சிரிப்பில் அடுத்த அறைப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். துரைக்கு முதலில் அவமானமாகத்தான் இருந்தது. பிறகு அவருக்கும் தாங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து ஓய்ந்து, பிரஷைப் பிடித்த கையைப் பார்த்தார். மேசைக்கடியில் சும்மா கிடந்த தன் கால்களைப் பார்த்தார்.

அன்றைக்கு அவர் யாரையும் பிடித்துவைத்துப் பேசவில்லை. ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறவர்கள் காலுக்கடியில் வைத்துக்கொள்கிற மிதி இரண்டு வாங்கிவந்தார். நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் கிடந்த பழைய கணினியில் செருகிப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் அது ஏற்றுக்கொண்டது. பிள்ளைகளுக்குத் தெரிந்தது பைதான். நாளைக்கு ஏதாவது ஆனால் அவர்களே சரிசெய்துகொள்ளட்டும் என்று அதிலேயே எழுதினார். இடது மிதி சிவப்பு, வலது மிதி வெள்ளை. இடதுக்கு ஒரு டிங், வலதுக்கு ஒரு டொங். திரையைத் திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை.

வெள்ளிக்கிழமை தில்லைநாயகி உட்கார்ந்தார். கண் நுண்ணோக்கியில், கை பிரஷில், கால் மிதியில். டிங், டிங், டொங். பாதித் தட்டு தாண்டுவதற்குள் அது தாளமாகிவிட்டது. பின்னால் நின்ற பிள்ளைகள் தலையை ஆட்ட ஆரம்பித்தார்கள். துரை மட்டும் மூச்சுவிடாமல் நின்றார்.

தட்டு முடிந்தது. தில்லைநாயகி எழுந்து திரையைப் பார்த்தார். அலமாரியைத் திறந்து புது பிரஷ் ஒன்றை எடுத்து, கைப்பிடியில் ஒட்டுத்தாள் சுற்றி, ஞானதுரை என்று எழுதிக் குவளையில் போட்டார்.

 துரைக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆனாலும் பழக்கதோஷம் விடுமா?

"மேடம், விண்டோஸா லினக்ஸா, என்ன மொழி, ஏன் அந்த மொழி, எதையுமே நீங்க கேக்கலையே?"

தில்லைநாயகி தட்டைத் தூக்கி அவருக்கு நேரே காட்டினார். சிவப்பு ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம், அத்தனையும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தன.

"மெதுவாப் பேசுங்க சார். முழிச்சுக்கப் போகுது."