முதல் அகப்பை யார் தட்டில்?

பூமியை விட்டு வெகு தொலைவில் தாழைக்கோள் என்றொரு கோள். அதைக் காக்க வந்தது பதினேழாம் காவற்படை. காவற்படை என்றதும் மீசையையும் பீரங்கியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முப்பது ஆண்டுகளில் அவர்கள் போட்ட சண்டையெல்லாம் பெரும்பாலும் சாப்பாட்டு வரிசையில்தான். கையில் இருந்தது மூன்றே மூன்று நடையன்கள். நடையன் என்றால் பனைமர உயரத்தில் இரண்டு காலால் நடக்கிற போர் எந்திரம். அதன் நெஞ்சுக்குள் உட்கார்ந்து ஓர் ஆள் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு பாதமும் ஒரு மாட்டுவண்டி அகலம்.

அந்தப் பாதங்களைப் பார்த்து மிரண்டுதான் குடியானவர்கள் முதல் நாளே படையிடம் ஒரு வாக்கு வாங்கினார்கள். நிலத்துக்காரரைக் கேட்காமல் நடையன் கால் பயிரில் படக் கூடாது. ஆண்டுதோறும் முதலில் அறுக்கும் வயலின் சொந்தக்காரர், புதுச் சோளச் சோற்றில் முதல் அகப்பையை அந்த வாக்கைச் சரியாகக் காத்த வீரர் ஒருவரின் தட்டில் போடுவார். போட்டால் படை இன்னும் ஓராண்டு தங்கலாம். போடாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இந்த ஆண்டு அகப்பை இசக்கியம்மாள் கையில். நடையன் ஓட்டுகிற சுல்தான், ரெபேக்கா, வேலப்பன் மூவரும் அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். கிணற்றுக்குள் விழுந்த மோட்டாரைத் தூக்கிக் கொடுத்தவர்கள், அவள் காய்ச்சலில் கிடந்தபோது மாறி மாறிக் கஞ்சி கொண்டுவந்தவர்கள். இந்தப் பிள்ளைகள் இல்லாத ஊரை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வம்பு வந்தது அறுவடைக்குப் பத்து நாள் முன்பு, நல்ல வெயில் நேரத்தில். தண்ணீர் திருட வந்த கொள்ளையர் விண்கப்பல் ஒன்று, நடையன்கள் எழுவதைக் கண்டு அரண்டு, போகிற போக்கில் ஏரி மதகைச் சுட்டு உடைத்துவிட்டு ஓடியது. கால் மணி நேரத்துக்குள் அடைத்தால் கீழூர் பிழைக்கும், இல்லாவிட்டால் மூழ்கும் என்று முகாமில் அபாய அறிவிப்பு அலறியது. கீழூரில் நாற்பது வீடுகள். அதில் ஒன்றில் இசக்கியம்மாளின் மகள், நிறைமாதமாய் இருந்தாள்.

முகாமுக்கும் ஏரிக்கும் நடுவில் இசக்கியம்மாளின் சோளக்காடு முற்றி நின்றது. அதன் குறுக்கே போனால் நடையனுக்கு ஐந்து நிமிடம். சாலை வழியே சுற்றிப் போனால் அரை மணி.

சுல்தான் யோசிக்கவே இல்லை. பயிரை மிதித்துக்கொண்டு நேரே போய், உடைந்த மதகில் நடையனின் முதுகைக் கொடுத்துத் தண்ணீரைத் தடுத்து நின்றான்.

ரெபேக்கா சாலையைப் பிடித்தாள். ஒரு கதிர்கூடச் சாயாமல் சுற்றிப் போய், வழியில் கிடந்த பெரிய பாறையைத் தூக்கி வந்து மதகை முழுதாக அடைத்தாள்.

வேலப்பன் நடையனை வரப்போரம் நிறுத்திவிட்டு இறங்கி ஓடினான். இசக்கியம்மாள் காட்டோரத்துப் பம்புசெட் அறைக்குள் இருந்தாள். மோட்டார் இரைச்சலில் அவளுக்கு அறிவிப்பும் கேட்கவில்லை, சுல்தான் போன சத்தமும் கேட்கவில்லை.

"அத்தை, மதகு ஒடைஞ்சிருச்சு. காட்டுக்குள்ள எறங்கட்டுமா?"

"கேக்க நேரமாய்யா இது? மிதிச்சிட்டுப் போ எய்யா! சோளம் மறுபடி மொளைக்கும், என் பிள்ளை மொளைப்பாளா?"

போய்க் கேட்டுத் திரும்பி வர மூன்று நிமிடம் ஆயிற்று. வேலப்பன் நடையனில் ஏறி, சுல்தான் மிதித்த தடத்திலேயே அடிமேல் அடி வைத்து, அதற்கு மேல் ஒரு சோளத்தட்டைகூட ஒடியாமல் ஐந்து நிமிடத்தில் ஏரிக்குப் போய்த் தோள் கொடுத்தான். கீழூர் பிழைத்தது.

அறுவடை நாள் வந்தது. தளபதி அருளானந்தம் கூடாரக் கயிறுகளை அவிழ்க்கச் சொல்லிவிட்டுத்தான் பந்திக்கே வந்தார். அவ்வளவு ரோஷக்காரர். "வாக்கைத் தப்பவிட்டவன் தட்டில் சோறு விழுந்தால் நாங்கள் தங்க மாட்டோம் அம்மா" என்று கறாராகச் சொன்னார்.

"ஊரு மூழ்கும்போது உத்தரவு கேட்டுட்டு நிப்பாங்களா அத்தை? தண்ணிய மொதல்ல நிறுத்துனது நான்தானே!" என்றான் சுல்தான்.

"என் கால் ஒரு பயிர் மேலயும் படலை. கடைசியில அடைச்சதும் நான்தான்" என்றாள் ரெபேக்கா.

வேலப்பனைப் பார்த்து இருவரும் சிரித்தார்கள். போர் எந்திரத்தை நிறுத்திவிட்டு ஓட்டப்பந்தயம் ஓடியவன் என்று பத்து நாளாகக் கேலி. "ஓடுனேன், கேட்டேன், வந்தேன்" என்றான் அவன், கொஞ்சம் கோபமாகவே.

இசக்கியம்மாள் அகப்பை நிறையச் சோற்றை அள்ளிவிட்டாள். எதிரே மூன்று தட்டுகள். தப்பான தட்டில் போட்டால் பிள்ளைகள் போய்விடுவார்கள், தங்கினாலும் மனம் ஒடிந்து இருப்பார்கள். நீங்கள் அவள் இடத்தில் நின்று சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் செய்தது சரி? முதல் அகப்பை யார் தட்டில் விழ வேண்டும்?

விடை இதுதான். முதல் அகப்பை வேலப்பனுக்கு. மூவருமே ரெபேக்கா போன வழியில் போயிருந்தால் வாக்கு நின்றிருக்கும், கீழூர் பிழைத்திருக்காது. சுல்தானால் ஊர் பிழைத்தது, வாக்கு உடைந்தது. கேட்டு வர மூன்று நிமிடம், கடக்க ஐந்து, ஆக எட்டு, இருந்ததோ பதினைந்து. ஊரும் பிழைத்து வாக்கும் நிற்கிற வழி வேலப்பனுடையது மட்டும்தான். சோறு அவன் தட்டில் விழுந்ததும் தளபதி கயிறுகளைத் திரும்பக் கட்டச் சொன்னார். ரெபேக்கா வேலப்பன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். சுல்தானின் முகம்தான் தொங்கிப்போயிற்று. இசக்கியம்மாள் அடுத்த அகப்பையை அவன் தட்டில் குவித்துப் போட்டாள். "என் பிள்ளைய மொதல்ல காப்பாத்துனது நீதான் எய்யா, அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அந்தக் காட்ட அவளுக்காகக் குடுத்தவ நானா இருந்திருப்பேம்லா" என்றாள்.