அமைச்சர் அன்று ஊரில் இல்லை

தணிகாசலம் துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுத அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் செண்பகவல்லி. கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர், தணிகாசலத்தைவிட வயதில் மிகவும் இளையவர்.

"குருவே" என்றுதான் அவர் கூப்பிடுவார். "சொல்லுங்க ஐயா" என்பார் செண்பகவல்லி. முதலில் அது கேலியாகத்தான் இருந்தது. போகப் போகக் கேலி உதிர்ந்து, விளி மட்டும் நின்றது.

யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். ஆனால் சான்று இல்லாத வரி நிற்காது. களஞ்சியத்தின் அந்த விதி தணிகாசலத்துக்கு உடனே பிடித்துப்போயிற்று. வேலையில் இருந்த காலமெல்லாம் மனுவோடு வந்தவர்களிடம் அவர் கேட்டதும் அதைத்தான்.

பொன்னிவளவனைப் பற்றிய பக்கம் அவர் பார்வையில் இருந்தது. பொன்னிவளவன் ஒரு காலத்தில் அமைச்சர். பிறகு தோற்றார், கட்சி மாறினார், மறுபடி தோற்றார், மறக்கப்பட்டார். அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'பெரும்புயல் கரை கடந்த இரவில் அமைச்சர் ஊரில் இல்லை, சென்னையில் ஒரு திருமண வரவேற்பில் இருந்தார்.' யாரோ பெயர் சொல்லாமல் எழுதிவிட்டுப் போனது. அதன் பக்கத்தில் 'சான்று தேவை' என்ற குறி வெகு காலம் தொங்கிக்கொண்டிருந்தது.

தணிகாசலம் தேடினார். ஒரு நாளிதழின் புயல் நினைவுக் கட்டுரையில் அதே செய்தி கிடைத்தது. அதைச் சான்றாக இணைத்துக் குறியை எடுத்தார். குரு பாராட்டினார்.

சனிக்கிழமைகளில் விலங்கியல் ஆய்வகத்தில் அவர்கள் இருவரும் உட்கார்ந்து எழுதுவது ஊரில் தெரிந்த விஷயம். ஒரு சனிக்கிழமை பொன்னிவளவன் அங்கேயே வந்துவிட்டார். செண்பகவல்லி தேர்வுப் பணிக்கு வெளியூர் போயிருந்தார். தணிகாசலம் எழுந்து நின்று நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார்.

கட்சி மாறியதையோ, டெபாசிட் போனதையோ, பஸ் நிலைய டெண்டர் வழக்கையோ எடுக்கச் சொல்லி பொன்னிவளவன் கேட்கவில்லை. அதெல்லாம் நடந்தது, இருக்கட்டும் என்றார். அந்த ஒரு வரிதான் பொய். அன்று இரவு ஆலந்திட்டு மீனவர் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில், கூரை போன பிறகும், விடியும்வரை சனங்களோடு நின்றதாகச் சொன்னார்.

"அதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்குங்களா?" என்றார் தணிகாசலம்.

"அந்தச் சனங்க இருக்காங்களே."

"வாய்ப்பேச்சு சான்றாகாதுங்க. அச்சுல வந்திருக்கணும்."

"அச்சடிக்கிறவன் எவனும் அன்னிக்கு அந்தப் பக்கம் வரலையே தம்பி."

"ஆனா இந்த வரி அச்சுல இருக்கு."

பொன்னிவளவன் டீயைக் கையில் எடுத்தார்.

"அந்தப் பேப்பர்காரருக்கு இதை யார் சொன்னாங்கன்னு பார்த்தீங்களா?"

அது நம் வேலை இல்லை என்று தணிகாசலம் பணிவாகவே சொன்னார். பெரியவர் கோபப்படவில்லை. "நான் போனப்புறம் என் பேத்தி இதைத்தான் படிப்பா" என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் அவர் இறந்துபோனார். அஞ்சலிச் செய்தி எழுதிய எல்லாப் பத்திரிகைகளிலும் அந்த வரி இருந்தது.

தணிகாசலம் இறுதி அஞ்சலிக்கு மாலையோடு போனார். கட்சிக்காரர்கள் அதிகம் இல்லை. ஆலந்திட்டிலிருந்து ஒரு வேன் வந்திருந்தது. மீசை முளைத்த மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னாள்: "விடிய விடிய இவனைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னாரு. எறக்கவே இல்ல."

அங்கிருந்து அவர் நேராக ஆய்வகத்துக்கு வந்தார். நடந்ததையெல்லாம் செண்பகவல்லியிடம் சொன்னார். பெரியவர் வந்துபோனதையும் அப்போதுதான் சொன்னார்.

"சான்று ஒரு பக்கம் இழுக்குது, அந்தம்மா சொன்னது ஒரு பக்கம் இழுக்குது. எதை நம்பறது குருவே?"

செண்பகவல்லி அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே வெளிறிப்போன ஒரு மீன்.

"இது என்ன மீன் ஐயா?"

தணிகாசலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜாடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். "கெளுத்தி."

"சரிதானா?"

அவர் விடவில்லை. சுவரில் மாட்டியிருந்த, அலமாரி ஜாடிகளின் அட்டவணையில் அதே தட்டு, அதே ஜாடியைத் தேடினார். "அதுலயும் கெளுத்தின்னுதான் போட்டிருக்கு."

"அந்த அட்டவணை, பசங்க ஜாடியில இருந்த சீட்டைப் பார்த்து எழுதினது. அப்புறம் சீட்டு உரிஞ்சு போச்சு. அட்டவணையைப் பார்த்துப் புதுச் சீட்டு ஒட்டினாங்க."

தணிகாசலம் அப்போதுதான் மீனைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"கெளுத்தின்னா மீசை இருக்கணுமே. இதுக்கு மீசையே இல்லையே" என்றார்.

செண்பகவல்லி கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். தணிகாசலம் அந்தப் பக்கத்தின் திருத்த வரலாற்றைத் திறந்தார். பெயர் சொல்லாதவர் வரியை எழுதியது ஒரு சித்திரையில். நாளிதழ் கட்டுரை வந்தது அதற்கு அடுத்த ஐப்பசியில். கட்டுரையை மறுபடி படித்தார். களஞ்சியப் பக்கத்தின் பத்தி அப்படியே அதில் இருந்தது.

"அவர் கேட்டாரு" என்றார். "இதைத்தான் கேட்டாரு."

"குறியை எடுத்தப்போ பாராட்டினது நான்தான் ஐயா."

தணிகாசலம் அந்த வரியை நீக்கினார். ஏன் என்று எழுத நினைத்தார். பாதி எழுதி அழித்தார். காரணம் எழுதாமலே சேமித்தார்.

அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தால் வரி பழைய இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் அஞ்சலிச் செய்திகள் வரிசையாகச் சான்றாய் நின்றன. சேர்த்தவர் கோமகன். சேலத்திலிருந்து எழுதுகிறவர், களஞ்சியத்தில் எழுதத் தணிகாசலம் பழக்கியவர். திருத்தங்களைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் தணிகாசலத்துக்குக் குறிப்பும் விட்டிருந்தார்: 'சான்றுள்ள வரியை நீக்கக் கூடாது என்று நீங்கள்தானே ஐயா சொல்லிக்கொடுத்தீர்கள். எல்லாம் அச்சில் வந்தவை. மீட்டுவிட்டேன்.'

தணிகாசலம் அதைக் குருவுக்குப் படித்துக்காட்டினார். 

"எல்லாம் நான் ஒட்டின சீட்டு" என்றார். "இவருக்கு நான் என்னத்தைச் சொல்றது?"

ஜாடி இன்னும் மேஜைமேலேயே இருந்தது. செண்பகவல்லி அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தார்.

"பேப்பர்காரருக்கு இதை யார் சொன்னாங்கன்னு அந்தப் பெரியவர் உங்ககிட்ட கேட்டதையே நீங்க கோமகன்கிட்ட கேளுங்க ஐயா. அவராவது காது கொடுக்கறாரா பார்ப்போம்."